போன் நன்றாகத்தான் இருக்கிறது

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கைமாறிய செல்போன்களை நினைத்துப் பார்த்தால் ஒன்று மனதை உறுத்துகிறது. கீழே விழுந்து நொறுங்கிய போன்களைவிட, ஒரு கீறல்கூட இல்லாமல் பீரோவுக்குள் போய் முடங்கிய போன்கள்தான் என் நினைவில் நிறைய நிற்கின்றன. டிஸ்ப்ளே போனால் மாற்றிவிடலாம். சார்ஜிங் பின் தளர்ந்தால் புதிதாக வைத்துப் பற்றவைக்கலாம். பேட்டரி உப்பினால் வேறு போடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து சர்வீஸ் கடைகளில் இதெல்லாம் உட்கார்ந்த இடத்தில் முடிகிற வேலை. ஆனால் "இந்த செட்டுக்கு இனிமே வாட்ஸ்அப் சப்போர்ட் ஆகாது அண்ணாச்சி" என்று கடைக்காரர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. போன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் உபயோகமில்லை. இந்த நிலை எப்படி வந்தது, யாரால் வந்தது, மாற்ற முடியுமா என்பதைப் பற்றிப் பல காலமாக யோசித்துவருகிறேன். நான் வந்து சேர்ந்த முடிவு இதுதான்: ஒரு போனுக்கு ஆயுள் குறிப்பவர், அதன் மென்பொருளைத் திருத்தும் உரிமையைக் கையில் வைத்திருப்பவர். அந்த உரிமை ஒரே கம்பெனியிடம் பூட்டிக் கிடந்தால், கம்பெனி மனம் மாறிய நாளோடு போனின் காலமும் முடிந்தது. உரிமை பொதுவில் இருந்த போன்கள் கம்பெனி கைவிட்ட பிறகும் பிழைத்தன.

ஆண்ட்ராய்டும் ஐபோனும் தவிர வேறு இயங்குதளம் எதுவும் நம் பக்கம் வந்ததே இல்லை என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கக்கூடும். வரிசையாக வந்தன. நூற்பாலை ஷிப்டுக்குப் போகிறவர்களையும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களையும், பால்கோவா கடையில் நிற்கிறவர்களையும் போன்ற குறைந்த சம்பளக்காரர்களை எண்ணித்தான் அவை இந்தியாவில் இறக்கப்பட்டன. 2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற போனை 1,999 ரூபாய்க்கு விற்றது. உள்ளே ஓடியது மொசில்லாவின் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ். 2015 ஜனவரியில் சாம்சங், தன்னுடைய டைசன் இயங்குதளத்தில் ஓடும் இசட்1 போனை உலகிலேயே முதலில் இந்தியாவில் வெளியிட்டது. விலை 5,700 ரூபாய். 2016இல் பின்லாந்துக்காரர்களின் செயில்ஃபிஷ் ஓஎஸ்ஸோடு இன்டெக்ஸ் அக்வா ஃபிஷ் 5,499 ரூபாய்க்கு வந்தது. முதல் இரண்டின் முடிவையும் வரிசையாகவே சொல்லிவிடலாம். போன்களுக்கான ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸை நிறுத்தப்போவதாக மொசில்லா 2015 டிசம்பரில் அறிவித்தது, அதாவது கிளவுட் எஃப்எக்ஸ் வந்து ஒன்றரை ஆண்டுகூட ஆகாத நிலையில். டைசன் ஆப் ஸ்டோர் 2021 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடியோடு மூடப்பட்டது. ஸ்டோர் மூடிய போனில் ஒருமுறை ரீசெட் செய்துவிட்டால், இருந்த ஆப்பைத் திரும்ப இறக்கக்கூட முறையான வழி கிடையாது. இந்தப் போன்களை வாங்கியவர்கள் யாரும் இயங்குதளத்தைப் பார்த்து வாங்கவில்லை. விலையைப் பார்த்து வாங்கினார்கள். எத்தனை ஆண்டு ஓடும் என்று அவர்களிடம் யாரும் சொல்லவும் இல்லை.

இந்த வரிசையில் மிகப் பெரிய கதை ஜியோபோனுடையது. 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. 1,500 ரூபாய் டெபாசிட் கட்டினால் போதும், மூன்று ஆண்டு கழித்து அதைத் திருப்பித் தருவோம் என்றார்கள். பத்துக் கோடிக்கும் மேல் விற்றதாகப் பின்னாளில் நிறுவனமே சொன்னது. ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ்ஸின் திறந்த மூல நிரலை எடுத்து வளர்த்த கைஓஎஸ்தான் அதன் இயங்குதளம். மொசில்லா கைவிட்ட பிள்ளை வேறு வீட்டில் வளர்ந்து இந்தியாவின் பட்டிதொட்டியெங்கும் நடமாடியது. 2.4 அங்குலத் திரை, 512 எம்பி ரேம், 2,000 எம்ஏஎச் பேட்டரி. நடுவில் வட்டப் பொத்தான், அதைச் சுற்றி நான்கு திசைக்கும் அழுத்தும் வளையம், கீழே பழைய எண் பொத்தான்கள். டச் போனைக் கண்டு தயங்கிய நடுவயதுப் பெண்களின் கைக்கு இந்தப் பொத்தான்கள் பழகியவை. 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் வந்ததும் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவர்கள் குரலைப் பதிந்து திருப்பூரில் இருக்கும் மகனுக்கும், சிவகாசியில் கட்டிக்கொடுத்த மகளுக்கும் அனுப்பும் வழி பிறந்தது. 2024 ஜூனில் கைஓஎஸ் ஸ்டோரிலிருந்து வாட்ஸ்அப் எடுக்கப்பட்டது. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் 2025 தொடக்கத்தோடு முடிந்தது. அந்தப் போன்களின் பொத்தான் தேயவில்லை, ஸ்பீக்கர் போகவில்லை. கடல் கடந்த ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவு, தேவதானம், மம்சாபுரம் வீட்டுத் திண்ணைவரை வந்து எட்டியது.

மென்பொருள் எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். துருப்பிடித்துக் கெடுவது மாதிரி அது கெடுவதில்லை. அதைச் சுற்றி உள்ள உலகம் நகர்ந்துவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டு போதும். ஒவ்வொரு இணையதளமும் தான் உண்மையான தளம்தான் என்று காட்ட ஒரு சான்றிதழ் வைத்திருக்கும். அந்தச் சான்றிதழை வழங்கியவர் நம்பத் தகுந்தவரா என்று பார்க்கப் போனுக்குள் ஒரு பட்டியல் இருக்கும். பழைய ஆண்ட்ராய்டில் அந்தப் பட்டியல் இயங்குதளத்தோடு சேர்த்து வைத்துத் தைக்கப்பட்டது. இயங்குதள அப்டேட் வந்தால்தான் பட்டியலும் புதுசாகும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு கோடிக்கணக்கான தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் தருகிறது. அது சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30ஆம் தேதி காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்களின் பட்டியலில் புதிய வேர் கிடையாது. அந்தப் போன்களை உத்தேசித்தே ஒரு மாற்று ஏற்பாடு செய்து மேலும் மூன்று ஆண்டுகள் தள்ளிப்போட்டார்கள். ஆனால் அதே போன்களில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை வைத்திருந்தவர்களுக்குச் சிக்கலே இல்லை. அந்த உலாவி தன் பட்டியலைத் தானே சுமந்து வருகிறது, தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிறது. ஒரே போன், ஒரே சிப். பராமரிப்பு இருந்த பகுதி ஓடியது, இல்லாத பகுதி நின்றது. போனின் வயது இதில் ஒரு காரணமே இல்லை.

பராமரிப்பு பொதுவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தியாவிலேயே சாட்சி உண்டு. 2015 ஜனவரியில் விற்பனைக்கு வந்த யு யுரேகா போனை நம் பக்கத்து இளைஞர்கள் பலர் ஞாபகம் வைத்திருப்பார்கள். மைக்ரோமேக்ஸின் துணை நிறுவனம் 8,999 ரூபாய்க்கு விற்றது. சயனோஜென் என்ற அமெரிக்கக் கம்பெனியின் இயங்குதளத்தில் ஓடியது. அந்தக் கம்பெனி 2016 டிசம்பர் 31ஆம் தேதி தன் சேவைகளை நிறுத்தியது. டைசன் கதைப்படி பார்த்தால் யுரேகாவும் அன்றோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அந்த இயங்குதளத்துக்கு அடிப்படையான சயனோஜென்மோடின் மூல நிரல் திறந்ததாக இருந்ததால், தன்னார்வலர்கள் அதை எடுத்து லினியேஜ் ஓஎஸ் என்று பெயர் மாற்றித் தொடர்ந்தார்கள். யுரேகாவுக்கு ஆண்ட்ராய்டு 7 அவர்கள் வழியாகக் கிடைத்தது. அதே ஜனவரியில் 6,999 ரூபாய்க்கு வந்த லெனோவோ ஏ6000க்குக் கம்பெனி ஆண்ட்ராய்டு 5 வரை கொடுத்து நிறுத்திக்கொண்டது. ஆனால் அதில் இருந்த ஸ்னாப்டிராகன் 410 சிப்பை இயக்கும் டிரைவர்கள் லினக்ஸின் மையப் பகுதியான பொதுக் கர்னலிலேயே சேர்ந்திருந்தன. 2017இல் தொடங்கிய போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் என்ற திட்டம், ஒரு போன் பத்தாண்டாவது உழைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு, அந்தச் சிப் உள்ள போன்களில் புதிய கர்னலை ஓட்டிக் காட்டியது. ஒருமுறை பொதுக் கர்னலில் சேர்ந்துவிட்ட டிரைவர் அடுத்தடுத்த பதிப்புகளிலும் கூடவே வரும். சத்திரப்பட்டியில் ஒரு விசைத்தறி பழசாகிவிட்டது என்பதற்காக யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. தேய்ந்த பாகத்தைப் பட்டறையில் கடைந்து கொடுக்க ஆள் இருக்கிறது, பிரித்துப் பூட்டத் தெரிந்த ஃபிட்டர் இருக்கிறார், தறி செய்த கம்பெனியின் அனுமதியை யாரும் கேட்பதில்லை. போனுக்கும் அப்படி ஒரு நிலை சாத்தியம்தான் என்பதை இந்தத் திட்டங்கள் நிரூபித்துவிட்டன.

இதற்கு முதல் மறுப்பு, விலை. ஆறாயிரம் ரூபாய் போனுக்கு ஏழு ஆண்டு அப்டேட் கொடுத்தால் கம்பெனி எப்படிப் பிழைக்கும், சிப் செய்கிறவனே இரண்டு மூன்று ஆண்டில் கைகழுவிவிடுகிறானே என்பார்கள். சிப் விஷயம் உண்மை. நெதர்லாந்தின் ஃபேர்போன் 2 இதற்குள்தான் சிக்கியது. 2015 கடைசியில் வந்த அந்தப் போனின் ஸ்னாப்டிராகன் 801 சிப்புக்கு ஆண்ட்ராய்டு 6க்கு மேல் குவால்காம் ஆதரவு தரவில்லை. அந்தச் சின்னக் கம்பெனி லினியேஜ் ஓஎஸ் சமூகத்தின் உழைப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆண்ட்ராய்டு 7, 9, 10 என்று தானே கொண்டுவந்து, 2023 மார்ச் வரை ஏழு ஆண்டுக்கும் மேல் பாதுகாப்பு அப்டேட் கொடுத்தது. பெரிய கம்பெனியால் ஆகாது என்பதை இதற்குப் பிறகு எப்படி நம்புவது? ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியிருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து ஆண்டுகளுக்கு இயங்குதள அப்டேட் தர வேண்டும், முக்கிய உதிரிப் பாகங்கள் ஏழு ஆண்டுக்குக் கிடைக்க வேண்டும். விலை மலிந்த போனுக்கும் இதே விதிதான். பெர்லினில் விற்கும் போனுக்கு ஆகிற காரியம் ராஜபாளையத்தில் விற்கும் போனுக்கு ஆகாது என்று சொல்ல நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. பணம் குறைந்தவன் வாங்கும் பொருளுக்கு ஆயுள் குறைவாக இருந்தால், அவன் அடிக்கடி வாங்குகிறான். கடைசியில் அதிகம் செலவழிப்பவன் அவனே.

இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு பற்றியது, அது கனமானது. போனைத் தொடங்கிவைக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்து வேறு இயங்குதளம் போட்ட போனைப் பல வங்கி ஆப்களும் யுபிஐ ஆப்களும் ஏற்பதில்லை. கூகுளின் சான்று பெற்ற மென்பொருள்தானா என்று அவை சோதிக்கின்றன. மோடமுக்குள் ஓடும் நிரலைச் சிப் கம்பெனி தவிர வேறு யாராலும் திருத்த முடியாது என்பதால் லினியேஜ் போட்ட போனிலும் ஓர் ஓட்டை அடைபடாமலே இருக்கலாம். நம் ஊருக்கு இன்னொரு பெரிய சிக்கல் உண்டு. ஜியோவில் பேசுவதென்றால் 4ஜி வழியாகவே குரலை அனுப்பும் வோல்ட்டி வேண்டும். உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் போன்ற திறந்த மூல இயங்குதளங்கள் பெரும்பாலான போன்களில் வோல்ட்டியை ஓட்ட முடியாமல் திணறுகின்றன. பேச முடியாத போனை யாரிடமும் கொடுக்க முடியாது. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொன்றையும் மறுபடி பாருங்கள். வோல்ட்டி ஓடாதது அந்தப் பகுதியின் நிரலும் ஆவணமும் மூடிக் கிடப்பதால். மோடம் திருத்தப்படாதது சிப் கம்பெனி தொடராததால். வங்கி ஆப் மறுப்பது போன் பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்த்து அல்ல; 2018க்குப் பிறகு ஒரு திருத்தமும் பெறாத பழைய மென்பொருளுக்குச் சான்று இருக்கும், போன மாதம் திருத்தம் பெற்ற லினியேஜுக்கு இருக்காது. ஆக, பாதுகாப்பைக் காட்டி எழுப்பும் மறுப்பு உண்மையில் நீண்ட காலப் பராமரிப்பைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதற்கான வாதமாகத்தான் முடிகிறது.

மூன்றாவது மறுப்பு, இதெல்லாம் யாருக்குத் தெரியும், யார் செய்வது என்பது. பால்கோவா கிண்டுகிறவரோ தறி ஓட்டுகிறவரோ பூட்லோடர் திறக்கப்போவதில்லை. திறக்க வேண்டியதும் இல்லை. சர்வீஸ் கடைக்காரர் இருக்கிறார். அவர் ஏற்கெனவே கேபிளைச் செருகிச் சாப்ட்வேர் ஏற்றித் தருகிறவர்தான். பேட்டர்ன் மறந்த போனையும், லோகோவிலேயே நின்றுபோன போனையும் அவர்தான் எழுப்பித் தருகிறார். அவரிடம் இல்லாதது நம்பத் தகுந்த மென்பொருளும் கம்பெனி தர மறுக்கும் சாவியும்தான். ஹுவாவே 2018இல் பூட்லோடர் திறக்கும் குறியீடு தருவதையே நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கியவனுக்கே அவன் போனின் பூட்டைத் திறக்க உரிமை இல்லை என்றானது. தன்னார்வலர்கள் சோர்ந்துபோவார்கள் என்பதும் நிஜம். பராமரிக்க ஆள் இல்லாத மாடலை லினியேஜ் ஓஎஸ் கைவிடுகிறது. ஆர்வத்தை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது. அதற்குத்தான் நிறுவனங்கள் இருக்கின்றன. ராஜபாளையத்தில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா பாலிடெக்னிக்கும் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம். ஒவ்வொரு கல்லூரியும் இரண்டு பழைய மாடல்களைத் தத்தெடுத்து, மாதாமாதம் திருத்தங்களைச் சேர்த்து, சோதித்து, பக்கத்துக் கடைக்காரர்களுக்குக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எது? மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், கைட் என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கான லினக்ஸைப் பல ஆண்டுகளாகத் தானே பராமரித்துப் புதுப் பதிப்புகள் வெளியிட்டு வருகிறது. சென்னை ஐஐடியில் உருவான பார்ஓஎஸ் என்ற போன் இயங்குதளத்தை 2023 ஜனவரியில் மத்திய அமைச்சர்கள் சோதித்துப் பார்த்தபோது நாடே பெருமைப்பட்டது. அந்தப் பெருமைக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் கோடிக்கணக்கான பழைய போன்களுக்கும் அந்தத் திறமை பயன்பட வேண்டும்.

அரசுக்கு இதில் கூடுதலான பொறுப்பு உண்டு, ஏனென்றால் அரசே ஆப்பைக் கட்டாயமாக்குகிறது. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலையின் வருகைப்பதிவு தொழிலாளர்களின் படத்தோடு நாளுக்கு இருமுறை செல்போன் ஆப் வழியாகத்தான் போக வேண்டும் என்றானது. கண்மாய்க் கரையில் நிற்கும் பணித்தளப் பொறுப்பாளரின் போன் அந்த ஆப்பை ஓட்ட மறுத்தால், மண் சுமந்தவர்களின் அன்றைய கூலி கேள்விக்குறியாகிறது. மகாராஷ்டிரத்தில் 2021இல் அங்கன்வாடி ஊழியர்கள், கொடுக்கப்பட்ட போன் வேலைக்கு உதவவில்லை என்று கொத்தாகத் திருப்பிக் கொடுத்தார்கள். இதற்கு எதிரான நல்ல முன்மாதிரியும் இந்தியாவில்தான் இருக்கிறது. 2022 மார்ச் 8ஆம் தேதி ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய யுபிஐ 123பே, சாதாரணப் பட்டன் போனிலிருந்து அழைப்பு வழியாகவே பணம் அனுப்ப வைக்கிறது. பழைய போனை ஒதுக்காமல் ஒரு பொதுச் சேவையை வடிவமைக்க முடியும் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை. மனம் இருந்த இடத்தில் வழி பிறந்திருக்கிறது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2024 செப்டம்பரில் அமைத்த குழு, போன்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு வேண்டும் என்று 2025 மே மாதம் அறிக்கை கொடுத்திருக்கிறது. மென்பொருள் அப்டேட்டும் அதில் ஓர் அளவுகோல். நல்ல தொடக்கம், ஆனால் மதிப்பெண் மட்டும் போதாது. எனக்கு மூன்று கோரிக்கைகள் உண்டு. எந்தத் தேதிவரை அப்டேட் வரும் என்பதை, மருந்துப் பட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவதுபோல், போன் பெட்டியின்மேல் தமிழில் அச்சிட வேண்டும். அந்தத் தேதி முடிந்த அன்றே பூட்லோடர் சாவியையும் டிரைவர் நிரலையும் கம்பெனி பொதுவில் வைக்க வேண்டும். அரசு கட்டாயமாக்கும் எந்தச் சேவையும் பத்தாண்டு பழைய போனிலும் நடக்க வேண்டும். இவை சட்டமாகும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அடுத்த போன் வாங்கக் கடைக்குப் போகும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன்னால், "அப்டேட் எந்த வருசம் வரைக்கும் வரும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கம்பெனியின் போனை வாங்காதீர்கள்.